பாலமில்லாத ஆறும் கலிங்குக் கல்லும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற ஊர். திருமாகறலீஸ்வரர் கோயில் விமானம், படுத்திருக்கும் யானையின் முதுகைப் போல வளைந்த தூங்கானை மாட அமைப்பு. கிழக்கே போனால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் அங்கே கூடுகின்றன. அந்தக் கூடலின் கரையிலுள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையையும் மாணவர்கள் தங்கிப் படித்த கல்விச் சாலையையும் அது விரிவாகப் பேசுகிறது. தெற்கே உத்திரமேரூர். குடவோலை முறையை 919-லும் 921-லும் சுவரில் வெட்டிவைத்த சபை இருந்த ஊர்.

இத்தனை பழைய ஊர்கள். சுற்றிலும் கருங்கல், அதைச் செதுக்கத் தெரிந்த கை, செலவுக்குப் பொன் கொடுக்க மன்னரும் வணிகரும். ஆனால் இந்த மூன்று ஆறுகளில் எதன் மேலும் பல்லவர் காலத்ததோ சோழர் காலத்ததோ என்று காட்ட ஒரு கற்பாலம்கூட இன்று இல்லை. கற்பாலங்களைத் தேசியச் சின்னங்களாகக் காக்கும் பகுதிகள் இந்தியாவிலேயே உண்டு. நம் பக்கம் ஏன் இல்லை? இருந்து அழிந்தனவா, கட்டவே இல்லையா, கட்டத் தெரியவில்லையா? தெரியாமல் இல்லை, தேவை வேறாக இருந்தது என்பதுதான் என் முடிவு. அந்தத் தேவை எது என்று புரிந்தால், தமிழ்நாட்டில் காக்கப்பட வேண்டிய பழங்கற்கள் எவை என்பதும் தெரியும்.

முதலில் மற்ற இடங்களைப் பார்த்துவிடலாம். ஒடிசாவின் புரி நகரத்து வாசலில் அதரநாலா என்றொரு பாலம் இருக்கிறது. கீழைக் கங்கர் காலத்தில், 13-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது என்பார்கள். நீளம் ஏறத்தாழ 85 மீட்டர். செம்பாறைக் கற்களால் ஆனது. உண்மையான வளைவு அதில் கிடையாது. இரு பக்கத்துச் சுவர்களிலிருந்தும் ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்க்கல்லைவிடக் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டே போகும். கடைசியில் இரண்டு பக்கமும் நெருங்க, மேலே ஒரு கல் மூடும். வளைவு ஒருபோதும் உறங்குவதில்லை, எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும் என்று இந்தியக் கட்டடக்காரர்கள் கருதியதாக 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபெர்குசன் எழுதியிருக்கிறார். அந்த நம்பிக்கையைக் கல்லில் பார்க்க வேண்டுமென்றால் அதரநாலாவுக்குத்தான் போக வேண்டும். சுமை முழுவதும் நேர்கீழாக இறங்குகிறது, பக்கத்தில் உதைப்பதில்லை. அதற்கு விலையாகக் கண்கள் குறுகியும் தூண்கள் தடித்தும் இருக்கும். ஜகந்நாதரைக் காண வந்தவர்கள் நகருக்குள் நுழைந்த வழி இதுதான். தேர்த்திருவிழா ஆனி, ஆடியில், மழை பிடித்துவிட்ட பிறகு வருகிறது. கூட்டம் மிகுந்திருக்கும் அதே நாட்களில் ஓடையிலும் வெள்ளம். அங்கே பாலம் இல்லாமல் முடியாது. இது பின்னால் நமக்கு உதவும்.

விஜயநகரத்தார் துங்கபத்திரையின் மேல் கற்பாலம் கட்டினார்கள். ஹம்பியில் விட்டலர் கோயிலுக்குக் கிட்டே ஆற்றுப் பாறைகளின் மேல் வரிசையாக நிற்கும் கற்றூண்கள்தான் மிச்சம். நம் கோயில் மண்டபத்தின் தூணும் உத்தரமும் ஆற்றுக்குள் இறங்கி நின்ற கோலம் அது. தூணூன்றப் பாறை கிடைத்தது அந்த இடத்தின் அதிர்ஷ்டம். அப்படியும் 16-ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பாயஸ், மக்கள் தோல் போர்த்திய வட்டப் பரிசல்களில் ஆற்றைக் கடந்ததைத்தான் எழுதிவைத்தார்.

வடகிழக்கில் வேறொரு மரபு. மேகாலயாவின் ஜயந்தியா மலையில் ஜோவாய், ஜாரைன் பக்கத்துப் பெருங்கற் பாலங்கள் மத்திய தொல்லியல் துறையின் பட்டியலில் ஏறியிருக்கின்றன. அஸ்ஸாமில் அகோம் அரசன் ருத்ரசிங்கன் 1703-இல் கட்டிய நாம்டாங் பாலம், நம் காலம் வரை நெடுஞ்சாலை வண்டிகளையே சுமந்தது. ஜௌன்பூரில் அக்பரின் ஆளுநர் முனீம் கான் 1560-களில் எழுப்பிய பாலம் 1934 நிலநடுக்கத்தில் சில கண்களை இழந்தது. பிறகு அவற்றைத் திரும்பக் கட்டினார்கள். இலங்கையில் மிகிந்தலைக்கு அருகே கனதரா ஓயாவிலும், அனுராதபுரத்து மல்வத்து ஓயாவிலும் தூணும் பலகைக்கல்லுமாகப் பழம்பாலங்களின் எச்சங்கள் உண்டு.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைப்பது சீனத்தின் குவான்சோ. அங்கே லோயாங் பாலத்தை 1053-இல் தொடங்கி 1059-இல் முடித்தார்கள். கடலும் ஆறும் சேரும் சேற்றுக் கழிமுகம், நாளுக்கு இரண்டு முறை ஓதம் ஏறி இறங்கும் இடம். அடியில் கல்லைக் கொட்டிப் பரப்பி, அதன் மேல் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பி ஓடுகள் கல்லோடு கல்லைப் பற்றிக்கொண்டு சாந்து செய்ய வேண்டிய வேலையைச் செய்தன. அதற்கு ஏறத்தாழ 80 ஆண்டு கழித்து அதே வட்டாரத்தில் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அன்பிங் பாலத்தைக் கட்டத் தொடங்கினார்கள். இரண்டுமே கருங்கல் தூணும் கருங்கல் உத்தரமும்தான். அந்தக் குவான்சோவில் தமிழ் வணிகர்கள் வாழ்ந்தார்கள், சிவன் கோயில் எழுப்பினார்கள். சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. நம் ஊர் வணிகர் அந்தப் பாலங்களின் மேல் நடந்திருப்பார் என்று எண்ணுவதில் தவறில்லை. நீண்ட கற்பாலம் எப்படி நிற்கும் என்ற செய்தி தமிழ்க் கரைக்கு எட்டாமல் போயிருக்க முடியாது.

கைத்திறன் குறைவு என்ற பேச்சுக்கும் இடமில்லை. காஞ்சி வரதராசர் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தையும் அதன் மூலையில் தொங்கும் கற்சங்கிலியையும் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். தூண் நட்டு, போதிகை வைத்து, உத்தரம் ஏற்றிப் பாவுகல் பரப்பும் வேலை இங்கே தலைமுறை தலைமுறையாக நடந்தது. கற்பாலத்துக்கு வேண்டியதும் அதே வேலைதான்.

அப்படியானால் தடை எது? ஆற்றின் குணம்தான். செய்யாறு சவ்வாது மலையில் பிறந்து சமவெளிக்கு வரும்போது பரந்த மணற்படுகையாகிவிடுகிறது. பாலாறு அதைவிட அகலம். கைக்கெட்டும் ஆழத்தில் பாறை இல்லை. கருங்கல் எடையைத் தாங்கும், வளைதலைத் தாங்காது. அதனால் ஓர் உத்தரக்கல் சில மீட்டருக்கு மேல் தாண்ட முடியாது. பல நூறு மீட்டர் அகலமுள்ள படுகையைக் கடக்க நூற்றுக்கு மேல் தூண் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புயலோடு வரும் வெள்ளம் ஒவ்வொரு தூணையும் சுற்றிச் சுழித்து அடிமணலைத் தோண்டும். ஒரு தூண் சாய்ந்தால் இரண்டு பக்கத்துக் கல்லும் விழும். மிதந்து வரும் மரமும் புதரும் தூண்களுக்கிடையே சிக்கினால் பாலமே அணையாகி, வெள்ளம் கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் போகும்.

இது பழங்கதை அல்ல. 2021 நவம்பரில் பாலாறும் செய்யாறும் பெருகியபோது, வாலாஜாபாத்திலிருந்து அவளூர் போகும் தரைப்பாலமும், உத்திரமேரூர் சாலையில் மாகறலுக்கு அண்மையிலுள்ள வெங்கச்சேரித் தரைப்பாலமும் சேதமாகிப் போக்குவரத்து நின்றது. கான்கிரீட்டும் இரும்பும் கையிலிருக்கும் காலத்திலேயே இந்த மணலும் வெள்ளமும் இப்படிச் செய்கின்றன.

இன்னொரு பக்கம், ஆண்டின் பெரும்பகுதி இந்த ஆறுகளைக் கடக்கப் பாலமே தேவையில்லை. மாசி முதல் ஆவணி வரை மணலில் நடக்கலாம், வண்டியும் போகும். நம் திருவிழாக்கள் எந்த மாதங்களில் வருகின்றன என்று பாருங்கள். காஞ்சி வரதர் சித்திரா பௌர்ணமியில் ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளிவிட்டு, பாலாற்றுக்குள்ளேயே இறங்குகிறார். மணலில் ஊற்றுத் தோண்டி, பந்தலிட்டு, இரவில் ஆற்றுக்குள் விழா நடக்கிறது. ஆற்றுப்படுகை இங்கே தாண்டிப் போக வேண்டிய தடை அல்ல, மக்கள் கூடும் வெளி. புரியில் தேரும் வெள்ளமும் ஒரே பருவத்தில் வந்தன, அதனால் பாலம் வந்தது. இங்கே பெருந்திருவிழாக்களில் பல மாசிக்கும் வைகாசிக்கும் நடுவில் அமைந்தன. பாலமின்மைக்கு விளக்கம் தேடியவர்கள் பஞ்சாங்கத்தையும் புரட்டியிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

வெள்ள மாதங்களுக்கு ஓடம் இருந்தது. மதுரைக்குப் போகும் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வையையைப் புணையில் கடந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. பல்லவர் செப்பேடுகளின் வரிப்பட்டியலில் வரும் பட்டிகைக் காணம் ஓடத்துறையில் வாங்கியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெருவழிகளும் செம்மையாகவே இருந்தன. தருமபுரிப் பக்கத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல், நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று எண்ணில் எழுதியதோடு நிற்கவில்லை. எழுத்தறியாதவர் விரலால் தடவித் தெரிந்துகொள்ளக் குழிகளும் வெட்டியிருக்கிறது. வழிநடப்பவரின் மேல் இவ்வளவு அக்கறை உள்ள சமூகம் சத்திரம் கட்டியது, தண்ணீர்ப் பந்தல் வைத்தது, தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல் நட்டது. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாக அந்தக் கல்லை நடும் வழக்கத்தைக் கிராமங்களில் இன்றும் கேட்கலாம்.

சரி, கல்லெல்லாம் எங்கே போனது? கோயிலுக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்த பதில், பாதிப் பதில்தான். மீதி ஏரிக்குப் போனது.

பாலாற்றிலும் செய்யாற்றிலும் ஓடி வரும் நீர் சில வாரங்களில் கடலுக்குப் போய்விடும். அதைத் தாண்டுவதைவிடப் பிடித்து வைப்பதே தொண்டை நாட்டின் உயிர்ப்பிரச்சினை. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவன் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற வாய்க்கால் வெட்டி, கூரத்தில் பரமேசுவர தடாகத்தை நிரப்பியதைக் கூறுகிறது. உத்திரமேரூரின் வைரமேக தடாகம் தந்திவர்மப் பல்லவனின் விருதுப்பெயரைத் தாங்கியது. 921 கல்வெட்டின்படி சபையில் ஏரி வாரியத்துக்கென்றே 6 பேரைக் குடவோலையில் தேர்ந்தெடுத்தார்கள். ஏரியில் குழி குத்தி, எடுத்த மண்ணைக் கரையில் போடப் பொன்னும் நெல்லும் நிலமும் கொடுத்த கல்வெட்டுகள் இந்த வட்டாரம் முழுவதும் உள்ளன. வேறு நாட்டில் பாலத்துக்குக் கொடை போனது, இங்கே ஏரிக்குப் போனது.

ஒரு கலிங்கைக் கிட்ட நின்று பார்த்தால் இதன் நுட்பம் விளங்கும். ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வழிந்து போகக் கரையில் விடும் தாழ்ந்த கல்தளம் கலிங்கு. சில இடங்களில் கலங்கல் என்பார்கள். தளத்தின் முகட்டில் முழங்கால் உயரத்துக்குக் கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மேல்பலகை வைக்காமல் விட்ட குட்டிப் பாலம் போலிருக்கும். மழை தொடங்கும்போது கற்களுக்கிடையே திறந்திருக்கும். எவ்வளவு பெரிய வெள்ளமானாலும் கரைக்குச் சேதமில்லாமல் வடிந்துவிடும். மழை ஓயப்போகிறது என்று தெரிந்ததும் வைக்கோலும் களிமண்ணும் பலகையும் வைத்து இடைவெளிகளை அடைப்பார்கள். ஏரி மட்டம் ஓரிரு அடி உயரும். அந்த உயரத்தில்தான் கடைமடை வயலின் கடைசித் தண்ணீர் இருக்கிறது. எப்போது அடைப்பது என்பதில் ஊருக்கும் ஊருக்கும் தகராறு வரும். சீக்கிரம் அடைத்தால் மேல்புறத்து நிலம் மூழ்கும், தாமதித்தால் கீழ்புறம் காயும். ஒரு முழக் கல்லின் உயரம் இரண்டு ஊரின் நியாயத்தைத் தாங்கி நிற்கிறது.

மதகும் அப்படியே. ஏரிக்குள் இரண்டு கருங்கல் தூண்கள், அவற்றை இணைக்கும் துளையிட்ட குறுக்குக் கற்கள். துளை வழியே நீண்ட தண்டு இறங்கி, அடியிலுள்ள தூம்பின் வாயை அடைக்கும். நீர்பாய்ச்சும் பொறுப்புள்ளவர் நீந்திப்போய்த் தண்டைத் தூக்கிவிட்டு வருவார். ஆற்றைத் தாண்டப் பயன்படாத தூணும் உத்தரமும் இங்கே ஏரிக்குள் நின்று வேலை செய்தன. பல மதகுத் தூண்களில் கட்டியவர் பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். ஆந்திரத்தின் போருமாமில்லாவில் விஜயநகர இளவரசன் பாஸ்கரன் ஏரி அமைத்து 1369-இல் பொறித்த கல்வெட்டு, நல்ல ஏரிக்கு வேண்டிய இலக்கணங்களையே அடுக்குகிறது. பாலத்துக்கு அப்படி ஓர் இலக்கணக் கல்வெட்டு தென்னாட்டில் உண்டா என்று தேடியிருக்கிறேன், என் கண்ணில் படவில்லை.

மணலில் அடித்தளம் போடுவதும் இங்கே தெரியாத வித்தை அல்ல. கல்லணை மணலில்தான் நிற்கிறது. ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளத்தை நிலைக்கச் செய்வதை அந்தப் பழங்கட்டடக்காரர்களிடமிருந்தே கற்றோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். அந்த அறிவு அணைக்குச் செலவானது. தண்ணீரைத் திருப்பும் வேலைக்கு முன்னுரிமை, தண்ணீரைத் தாண்டும் வேலைக்கு அடுத்த இடம்.

வணிகமும் படையும் எல்லாப் பருவத்திலும் நகர வேண்டிய காலம் வந்ததும் நிலைமை மாறியது. சென்னையில் அடையாற்றின் மேல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் 1726-இல் தம் பணத்தில் பாலம் கட்டினார். பழைய பாலம் போய், சைதாப்பேட்டையில் இப்போதிருப்பது மறைமலையடிகள் பாலம். உஸ்கானின் கல்வெட்டு மட்டும் ஓரமாக நிற்கிறது. காவிரியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1804-இல் கல்தூணும் பலகைக்கல்லுமாகப் பாலம் வந்தது. சிவசமுத்திரத்தில் 1830-களில் ராமசாமி முதலியார் கட்டியதும் அந்த மரபில்தான். அங்கே ஒரு பாலத்தின் பகுதி 2018 வெள்ளத்தில் இடிந்தது. திருநெல்வேலியில் தாமிரபரணியின் மேல் 1843-இல் திறக்கப்பட்ட பாலத்துக்குச் செலவை ஏற்றவர் ஆட்சியர் அலுவலகத்தில் பணியாற்றிய சுலோசன முதலியார். அதில் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. இவற்றில் பல தனிமனிதக் கொடைகளாகவோ உள்ளூர் முயற்சியாகவோ வந்தவை என்பது கவனிக்கத்தக்கது. ஏரிக்குக் குழி குத்தப் பொன் கொடுத்த பழக்கமே வேறு வடிவம் எடுத்தது.

இனிப் பாதுகாப்பு. 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் 100 ஆண்டுக்குக் குறையாத எந்தக் கட்டுமானத்தையும் பழஞ்சின்னமாக அறிவிக்க இடம் தருகிறது. 2010 திருத்தம் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் விதித்தது. தமிழ்நாட்டுக்கு 1966-இலேயே தனிச்சட்டம் உண்டு. சட்டம் கோயில், கோட்டை என்று பிரிக்கவில்லை, பட்டியல் போட்டவர்களின் கண்தான் பிரித்தது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது, அது சரியே. அந்தச் சுவரில் எழுதிய சபை யாருக்காகக் கூடியதோ அந்த ஏரியின் கலிங்கும் மதகும் அதே வரலாற்றின் மறுபாதி. சுவரைக் காத்து ஏரிக்கல்லை விட்டுவிடுவது, தீர்ப்பைப் பத்திரப்படுத்தி வழக்குக்குரிய நிலத்தைத் தொலைப்பதற்குச் சமம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கோயிலைப் போல ஏரியைப் பூட்டிவைத்துக் காக்க முடியாது. பாலமும் மதகும் பயன்பட்டால்தான் உயிரோடிருக்கும். ஹம்பியில் ஆனெகுந்திக்குப் போகப் புதுப்பாலம் கட்டத் தொடங்கியதால் 1999-இல் அந்த இடமே ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியப் பட்டியலுக்குப் போனது. 2006-இல் மீண்டது. 2009-இல் கட்டி முடியாத அந்தப் பாலம் சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆற்றைக் கடக்க வேண்டிய கிராமத்தாரின் தேவையையும் பழங்கல்லின் மதிப்பையும் எதிரெதிராக நிறுத்தியதன் விலை அது. கிராமத்தார் கேட்டதில் நியாயம் இருந்தது. இடத்தைத் தேர்ந்ததில்தான் கோளாறு.

தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி குளங்கள் உண்டு. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரோடு சீரமைப்புப் பணிகள் தொடங்கின. கரை உயர்ந்தது, பல இடங்களில் புது மதகு வந்தது. பழைய தூண் என்ன ஆனது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கரையோரம் குப்புறக் கிடக்கும், அல்லது உடைந்து கரைக்குள் போயிருக்கும். எழுத்துள்ள பக்கம் மண்ணைப் பார்த்துக் கிடந்தால் அது எப்போதும் படிக்கப்படாது. இதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. சீரமைப்பு ஒப்பந்தத்திலேயே, மதகையும் கலிங்கையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு பழங்கல்லையும் நான்கு பக்கமும் படமெடுத்து, எழுத்திருந்தால் மைப்படி எடுத்து, இருந்த இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி போதும். வேலைக்கு ஆகாத தூணைப் புது மதகுக்குப் பக்கத்திலேயே நிமிர்த்தி நடலாம். மாகறலிலிருந்து தொடங்கினால், வாய்க்கால் வழியே ஏரி ஏரியாகப் போய் ஒரு கோடைக்குள் முதல் பதிவேட்டை முடித்துவிடலாம். கோடையில் ஏரி வற்றியிருக்கும், மதகின் அடிக்கல் வரை கண்ணுக்குத் தெரியும்.